காலாண்டு விடுமுறையில் நம் பள்ளியில் நடக்கவிருக்கும் கட்டட வேலை பற்றி

அன்பான பெற்றோர்களுக்கு,

வணக்கம். வருகிற காலாண்டு விடுமுறையில் சென்னையிலுள்ள ஒரு கிறிஸ்தவ சபையின் வாலிபர் சங்கத்தார் ஒரு வாரம் நம் ஊரில் தங்கப் போகிறார்கள். பெண் பிள்ளைகளுக்குப் புதிய கழிப்பறையும், சத்துணவுக் கூடத்தை ஒட்டிக் கை கழுவும் குழாய் வரிசையும் கட்டுகிறோம். அந்த வேலைக்குத் தோள் கொடுக்க வருகிறார்கள். இதைப் பற்றி ஊருக்குள் பல விதமாகப் பேச்சு அடிபடுகிறது. அதனால் விவரத்தை நானே எழுதிவிடுகிறேன்.

ஆறாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பெண் பிள்ளைகள் காலையில் வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு வரும் தண்ணீர் பாட்டில், மாலை மணி அடிக்கும்போதும் கழுத்து வரை நிறைந்தே இருக்கிறது. கேட்டால் "தாகமில்லை சார்" என்கிறார்கள். தேரிக்காட்டுச் செம்மணல் வெயிலில் தாகம் எடுக்காமல் இருக்குமா? இப்போதுள்ள இரண்டு அறைகளில் ஒன்றில் தாழ்ப்பாள் நிற்பதில்லை, இன்னொன்றில் தண்ணீர் வருவதில்லை. அங்கே போவதற்குப் பயந்துகொண்டு தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே வருவதில்லை. தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கை கழுவுகிற இடமும் போதவில்லை. 2024 ஜூலையிலிருந்து நம்மைப் போன்ற கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் காலை உணவுத் திட்டம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் இங்கே காலையிலும் மதியமும் சாப்பிடுகிறார்கள். ஒரே குழாயில் முட்டி மோதி, பாதிப் பேர் கை நனைக்காமலே தட்டோடு உட்காருகிறார்கள்.

அரசு கட்டித் தராதா என்று சிலர் கேட்டீர்கள். நம்முடையது அரசு உதவி பெறும் பள்ளி. ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம், சத்துணவு எல்லாம் அரசு தருகிறது. கட்டடம் மட்டும் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனிக் கழிப்பறை இருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நம் சேகரத்தில், அதாவது சுற்றுவட்டாரச் சபைகளில், காணிக்கை போடுகிறவர்கள் பனை ஏறுகிறவர்களும் முருங்கைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களும்தானே. அதனால்தான் தாளாளர் ஐயா சென்னை சபையிடம் கேட்டார். சாமான் செலவை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பணம் பள்ளிக் கணக்குக்கு வருகிறது. கம்பி, சிமெண்ட், ஜல்லி எல்லாவற்றுக்கும் பில் அலுவலகத்தில் இருக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

வருகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களும் உண்டு. கரண்டி பிடித்துப் பழக்கமில்லாதவர்கள். நம் பெற்றோர்களிலோ நல்ல கொத்தனார்கள் இருக்கிறீர்கள். அதனால் ஒன்றைத் திட்டமாகச் சொல்லிவிட்டேன். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதிலிருந்து தளம் போடுவது வரை பொறுப்பு நம் ஊர்க் கொத்தனாருக்குத்தான், அவருக்கு முழுக் கூலி உண்டு. வருகிறவர்கள் அவர் சொல்படி மண் அள்ளுவார்கள், கல் எடுத்துக் கொடுப்பார்கள், சாந்து சுமப்பார்கள். ஒருவருடைய கூலியைக் கெடுத்துவிட்டு அதை ஊழியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் இதைச் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்கள். கழிவுக் குழி எங்கே வெட்டுவது என்பதையும் நம் ஆட்களைக் கேட்டுத்தான் முடிவு செய்தோம். நம் மணலில் தண்ணீர் நிற்காது, ஊற்றிய வேகத்தில் இறங்கிவிடும். ஆகவே கிணற்றுக்கு எதிர் மூலையில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் குழி வருகிறது.

மதம் பரப்ப வருகிறார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் பிள்ளைகளில் பல குடும்பத்தார் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். வருகிறவர்கள் கிறிஸ்தவர்கள், தங்கள் விசுவாசத்தின் பேரில்தான் வருகிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, நானும் அதே விசுவாசத்தில் வளர்ந்தவன். காலையில் நம் கிறிஸ்தவக் கோவிலில் ஜெபித்துவிட்டு வேலைக்கு வருவார்கள். பள்ளி வளாகத்துக்குள் பிரசங்கமோ துண்டுப் பிரதியோ கிடையாது. மாலையில் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் நடத்தட்டுமா என்று கேட்டார்கள். அது கோவில் மண்டபத்தில் நடக்கும், பெற்றோர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் பிள்ளைகளுக்கு மட்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை எந்த வழிபாட்டிலும் சேர்க்கக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது. அனுப்பாத பெற்றோரை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

அப்புறம் போட்டோ. பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்து, 'ஏழைப் பிள்ளைகள்' என்று வாட்ஸ்அப்பில் போடுவதை நான் அனுமதிக்கவில்லை. கட்டடத்தை எடுத்துக்கொள்ளட்டும். வேலை நடக்கும்போது எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கம் போகக் கூடாது. விளையாட்டுக்குக்கூட ஒரு செங்கல் தூக்கக் கூடாது.

நம் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா ஐயரை உங்களில் பலர் அறிவீர்கள். இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர். அவர் 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரிகள் கூடிய மாநாட்டில், நீங்கள் எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், அன்பையும் தாருங்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முகத்துக்கு நேரே கேட்டார். வரும் வாலிபர்களிடம் எனக்கும் அதே எதிர்பார்ப்புதான். ஒரு வாரத்தில் சுவர் எழும்பலாம், அவ்வளவுதான். இடையன்குடி ஆலயம் 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டையானது. அதைக் கட்டிய மிஷனரி கால்டுவெல் ஐயர் அத்தனை வருஷமும் அந்த ஊர் மக்களோடு இருந்தார். இவர்களால் அப்படித் தங்க முடியாது. ஆனால் அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்கிறேன், நம் வீடுகளில் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன். தினம் ஒரு தெருவார் மதியச் சாப்பாடு கொடுத்தால் நன்றாயிருக்கும். விருந்தெல்லாம் வேண்டாம், உங்கள் வீட்டில் வைக்கிற குழம்பு போதும்.

அவர்கள் ஊருக்குப் போன பிறகுதான் நம் வேலை தொடங்குகிறது. தளம் போட்டபின் குறைந்தது ஒரு வாரம் காயவிடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் வெடிப்பு விடும். ஐப்பசி மழைக்குள் பூச்சு முடிய வேண்டும். கட்டித் திறந்து, ரிப்பன் வெட்டி, ஆறே மாதத்தில் பூட்டுப் போட்ட பள்ளிக் கழிப்பறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் சுத்தம் செய்ய ஆளும் இல்லாததுதான் காரணம். பிள்ளைகளை வைத்துச் சுத்தம் செய்ய நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். துப்புரவுக்கு ஒருவரை நியமித்து மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதைப் பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏற்க முடியுமா என்று நாம் உட்கார்ந்து பேச வேண்டும். டேங்குக்கு மோட்டார் போடும் பொறுப்பை யார் எடுப்பது என்பதும் முடிவாக வேண்டும்.

இதற்காக வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் பள்ளியில் கூடுகிறோம். தாய்மார்கள் கட்டாயம் வர வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், உள்ளே அலமாரி எவ்வளவு உயரத்தில் வேண்டும் என்பதையெல்லாம் ஆண்கள் நாங்கள் தீர்மானித்தால் சரிப்படாது. தளத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் ஊற்றப் பெயர் கொடுப்பவர்கள் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். மாலை நிகழ்ச்சிக்கான சம்மதச் சீட்டு பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்பப்பட்டுள்ளது. அனுப்ப விருப்பமிருந்தால் மட்டும் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் தரவும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்