சாவியைத் திருப்பும் முன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவை நேற்று ராத்திரி நாலைந்து முறை கேட்டேன். கார் சாவியைத் திருப்பியதும் 'டகடகடக' என்று விடாமல் அடிக்கிறது. எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதாகச் சொன்னாய். கண்ணு, இப்போதைக்கு மாற்றாதே. அது பேட்டரி இறங்கிப்போன சத்தம் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஸ்டார்ட்டர் கெட்டிருந்தால் பெரும்பாலும் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்கும், அதோடு சரி. டேஷ்போர்டு விளக்கும் அவ்வளவாக மங்காது. உனக்கு விளக்கெல்லாம் மங்கி மங்கி எரிந்தது என்றாய் அல்லவா? ஸ்டார்ட்டர் சுழல 100 ஆம்பியருக்கு மேல் கரண்ட் வேண்டும். அந்த இழுப்பைத் தாங்காமல் பேட்டரியின் வோல்ட் சரிகிறது. உடனே உள்ளே இருக்கும் சுவிட்ச் விட்டுவிடுகிறது. விட்டதும் வோல்ட் ஏறுகிறது, சுவிட்ச் மறுபடி பிடிக்கிறது. இப்படிப் பிடித்து விடுவதுதான் அந்த 'டகடக'.

வீட்டிலிருந்தே வேலை, கார் வாரக்கணக்கில் நிற்கிறது. எடுத்தாலும் மேடவாக்கம் மார்க்கெட் வரைதான். ஸ்டார்ட் செய்ய எடுத்த கரண்டைத் திருப்பிச் சேர்க்க அந்த இரண்டு கிலோமீட்டர் போதாது. போதாததற்குச் சென்னை வெயில். குளிர் ஊரில் பேட்டரி சீக்கிரம் போகும் என்பார்கள், ஆனால் அதன் ஆயுளைத் தின்பது சூடுதான். இந்த பேட்டரியை நாம் வாங்கி நாலு வருஷம் ஆகிறது.

முதலில் பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பார். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் போக வழி இல்லை என்று அர்த்தம். டெர்மினலைக் கையால் அசைத்துப் பார்; அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் துணிப்பையில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வைத்திருக்கிறேன். கை வளையலைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. மைனஸை முதலில் கழற்று. பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பழைய பல் துலக்கும் பிரஷால் தேய், துடை, காயவிடு. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

அதற்கும் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் மெக்கானிக்கிடம் மல்ட்டிமீட்டர் வைத்து பேட்டரியின் வோல்ட்டைப் பார்க்கச் சொல். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் பேட்டரி காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்வதானால், சிவப்பு ஒயரை இரண்டு பிளஸுக்கும் மாட்டு. கறுப்பின் ஒரு முனை அவர்கள் மைனஸில், மறுமுனை நம் எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில். நம் பேட்டரி மைனஸில் வேண்டாம். அங்கே வாயு கசியும், பொறி பட்டால் ஆபத்து. ஓடிவிட்டால் அதே வோல்ட்டைப் பார்க்கச் சொல், 14-ஐ ஒட்டி வர வேண்டும். வராவிட்டால், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் தரும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் வீண்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, பெட்ரோல் பக்கமோ பிளக் பக்கமோ பார்க்க வேண்டும். அப்போது என்னைக் கூப்பிடு. பத்து வினாடிக்கு மேல் சாவியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்காதே.

இன்னொன்று. மழைக்காலம் வருகிறது. 2015 டிசம்பரில் நாம் வேளச்சேரியில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். சீட் வரை தண்ணீர் ஏறி வடிந்த மறுநாள், கொஞ்சம் பொறுங்கள் என்று அம்மா சொல்லச் சொல்ல நான் சாவியைத் திருப்பினேன். 'கடக்' என்று ஒரு சத்தம். நீ மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். சிலிண்டருக்குள் இருந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தது உங்கள் தவறு என்று இன்சூரன்ஸிலும் கைவிரித்தார்கள். அந்த எஞ்சினுக்குக் கொடுத்த பணம் உன் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வைத்தது. இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பேஸ்மென்டில் தண்ணீர் வந்தால் சாவியை எடுக்கவே எடுக்காதே, டோ வண்டியைக் கூப்பிடு. எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு கவர் உண்டு, பாலிசி புதுப்பிக்கும்போது அதையும் சேர்த்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட வைத்துக்கொண்டு டெர்மினலைப் பார். ஸ்டார்ட் செய்யும்போது போனை பானெட் பக்கம் வைத்து இன்னொரு பதிவு அனுப்பு. ஓடினாலும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா