ஒற்றர் கதைக்கும் ஓரிடம் கொடுங்கள்

ஈழத்துத் தமிழ் இதழ்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். போன வருடம் ஓர் இதழுக்கு அறிபுனைகதை, அதாவது விஞ்ஞானக் கற்பனைக் கதை, ஒன்று அனுப்பினேன். பிறர் மனதில் ஓடுவதைக் கேட்கக்கூடிய ஒரு பெண்ணை உளவுத்துறை பிடித்து வேலை வாங்குகிறது, இதுதான் கதை. "விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் நம் மண்ணின் கதை இல்லையே" என்று பதில் வந்தது. கதை வராதது பெரிய விஷயமில்லை. சொன்ன காரணம்தான் இன்னும் உறுத்துகிறது.

இரண்டாம் உலகப்போரில் இந்தத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட நீர்மூழ்கிகளும் ஜப்பானியர் பிடித்திருந்த மலாயாக் கரையில் இரகசிய ஆட்களை இறக்கிவிட்டு வந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே திருக்குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. ஓர் ஒற்றனை மற்ற ஒற்றன் அறியாதபடி வைத்திரு, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் நம்பு என்கிறார் வள்ளுவர். விசேட சக்தி என்றால், அணிமா, இலகிமா என்று எட்டுச் சித்திகளுக்கும் பெயர் வைத்திருப்பவர்கள் நாம்.

சரி, விஞ்ஞானம் எங்கே என்று கேட்பீர்கள். 1970களில் அமெரிக்க உளவுத்துறையின் பணத்தில், கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒரு பரிசோதனை தொடங்கியது. அறைக்குள் இருப்பவரிடம் எங்கோ தொலைவில் உள்ள இடத்தை மனதால் பார்த்து வரையச் சொன்னார்கள். பிறகு இராணுவமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் 'ஸ்டார்கேட்' என்ற பெயரோடு 1995இல் மூடினார்கள். உளவு வேலைக்கு உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை என்பதே மதிப்பீடு. எனக்கு அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது. 'நீ பார்க்கிறாய்' என்று அரசாங்கமே வருடக்கணக்காகச் சொல்கிறது. பார்க்கிறோமா, ஊகிக்கிறோமா என்று அந்த மனிதருக்கே தெரியாது. அவர் கீறிய படத்தை நம்பி யாரையாவது பிடித்துக்கொண்டு போனால்?

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் விளக்கத் தேவையில்லை. போர்க்காலச் சுற்றிவளைப்பில் இராணுவம் பிடித்தவர்களை வரிசையாக்கி, சாக்கால் முகம் மூடிய தலையாட்டியின், அதாவது தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவரின், முன்னால் நடக்கவிட்ட காலத்தைப் பற்றி வீடுகளில் இன்னும் பேசுகிறார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான். வள்ளுவர் மூன்று பேரைக் கேட்டார். அங்கே ஒரு தலையசைப்பே போதுமாக இருந்தது.

என் கதையில் அந்தச் சாக்குக்குள் இருப்பவள் அந்தப் பெண். எதிரே வருகிற பையன் நினைப்பது எல்லாம் அவளுக்குக் கேட்கிறது. பசி, பயம், கட்டாமல் விட்டுவந்த கன்றுக்குட்டி. வேறு எதுவும் இல்லை. ஆனால் பின்னால் நிற்பவர்கள் ஒரு தலையசைப்புக்காகக் காத்திருக்கிறார்கள். இதை நேரடியாக எழுதப் பலமுறை உட்கார்ந்தேன், முடியவில்லை. அறிபுனைகதையாக எழுதியபோதுதான் கை ஓடியது.

என் கதையைப் போடுங்கள் என்று கேட்கவில்லை. வருடத்தில் ஓர் இதழையாவது இந்த வகைக் கதைகளுக்கு ஒதுக்குங்கள். உளவு, அபூர்வ சக்தி என்று கண்டதும் திருப்பி அனுப்பாமல், கடைசிப் பக்கம் வரை படியுங்கள். சக்திக்கு எல்லை வைத்திருக்கிறதா, பரபரப்பில் மனிதரைத் தொலைத்துவிட்டதா என்று கண்டிப்பாகக் கேளுங்கள், திருத்தச் சொல்லுங்கள். இங்கே உவர்மலையில் இரண்டு இளையவர்கள் கொப்பி நிறைய எழுதி வைத்துவிட்டு, எங்கே அனுப்புவது என்று என்னிடம் கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்ல ஒரு முகவரி வேண்டும்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து ஒரு வாசகி