ஒரு மூல் ஒட்சிசன்: அணுவா, மூலக்கூறா?

ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் கல்விப் பக்கத்தில் வரும் க.பொ.த. சாதாரண தர விஞ்ஞான மாதிரி வினாக்களில் "ஒட்சிசன் 1 மூலின் திணிவு யாது?" என்ற கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. விடையாக 32 கிராம் என்று போடுகிறீர்கள். இரண்டு அணுக்கள் சேர்ந்த ஒட்சிசன் மூலக்கூறு என்றால் 32 சரி. ஒட்சிசன் அணு என்றால் 16. எது என்று வினாவில் இல்லை. 16 எழுதிய பிள்ளை எங்கே பிழைவிட்டோம் என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும். உண்மையில் அது பிழைவிடவேயில்லை.

மூல் ஓர் எண்ணிக்கை. 6.02214076 × 10²³ துணிக்கைகள் சேர்ந்தால் 1 மூல். 2019 மே 20 முதல் இந்த எண்ணே வரைவிலக்கணம். அதற்கு முன் 12 கிராம் காபன்-12 சமதானியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை என்று சொல்லி வந்தோம். பழைய குறிப்புக் கொப்பிகளில் அப்படித்தான் இருக்கும். பாடசாலைக் கணக்கில் அதனால் விடை மாறாது. எதை எண்ணினோம் என்று சொல்லாவிட்டால்தான் மாறும்.

தமிழில் படிக்கும் பிள்ளைக்கு இன்னொரு இடறலும் உண்டு. மூல், மூலகம், மூலக்கூறு மூன்றும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன. மூலகம் பொருளின் வகை. மூலக்கூறு ஒரு துணிக்கை. மூல் அத்துணிக்கைகளின் ஒரு பெருந்தொகை. இம்மூன்றையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பிரித்துக் காட்டாமல் திணிவு, மூல், 1 மூலின் திணிவு மூன்றையும் இணைக்கும் முக்கோணச் சூத்திரத்துக்கு நேரே போய்விடுகிறோம். முக்கோணத்தில் விரலை வைத்து மறைத்தால் பெருக்குவதா பிரிப்பதா என்பது தெரியும். ஏன் பிரிக்கிறோம் என்பது தெரியாது.

நெல் விளையும் மாவட்டங்களில் இருந்துகொண்டு இதைச் சூத்திரத்தால் தொடங்க வேண்டியதில்லை. பதர் நீக்கிய நெல்லில் 40 பிள்ளைகளும் ஆளுக்கு 25 மணி எண்ணட்டும். ஆயிரம் சேரும். அதை நிறுங்கள். 25 கிராம் வந்தது என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 40,000 மணி. இனி எண்ணவே தேவையில்லை, தராசு எண்ணிவிடும். அணுக்களையும் மூலக்கூறுகளையும் மூலில் எண்ணுவது இப்படித்தான். நூறு மணியோடு நிறுத்திவிடாதீர்கள். கடைத் தராசு ஒவ்வொரு கிராமாகத்தான் காட்டும், 2.5 கிராமை அது 2 என்றோ 3 என்றோ காட்டினால் ஐந்தில் ஒரு பங்கு பிழை. ஆயிரம் மணியில் அதே அரைக் கிராம் வெறும் 2 சதவீதம்தான். மணிகள் எல்லாம் ஒரே நிறை இல்லையே என்று ஒரு பிள்ளை கேட்டால் நல்லது, குளோரீனுக்குப் போகலாம். அதில் திணிவெண் 35 உடைய அணு ஏறத்தாழ மூன்றுக்கு 37 உடையது ஒன்று, சராசரிதான் 35.5.

அடுத்தது யூரியா. அதன் மூலர்த் திணிவு, அதாவது 1 மூலின் திணிவு, 60 கிராம். ஒரு மூலக்கூறில் நைதரசன் அணு இரண்டு. ஆகவே 60 கிராமில் யூரியா 1 மூல், நைதரசன் அணு 2 மூல், அதாவது 28 கிராம். 28ஐ 60ஆல் பிரித்தால் உரப்பையில் அச்சிட்டிருக்கும் 46 சதவீதம் கிட்டத்தட்ட வந்துவிடும். ஓர் அந்தர், அதாவது 50 கிலோ யூரியாவில் ஏறக்குறைய 833 மூல். வீட்டு வாசலில் அடுக்கியிருக்கும் பையில் இந்தக் கணக்கைச் செய்த பிள்ளை, மூலக்கூறையும் அணுவையும் பிறகு மாறாட்டம் செய்வது குறைவு.

உயர்தர ஆய்வுகூடத்தில் இதே குழப்பம் வேறு உருவில் வரும். செப்புசல்பேற்றில் 0.1 மூலர்க் கரைசல், அதாவது லீற்றருக்கு 0.1 மூல் உள்ளது, 250 மில்லிலீற்றர் வேண்டும். தேவை 0.025 மூல். நீலப் பளிங்கில் ஐந்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருப்பதால் மூலர்த் திணிவு 249.5, நிறுக்க வேண்டியது 6.24 கிராம். நீரற்ற வெண்பொடியின் 159.5ஐ வைத்துக் கணித்துவிட்டு நீலப் பளிங்கில் 3.99 கிராம் நிறுத்தால் செறிவு 0.064தான் வரும். கரைசல் நீலமாகவே இருக்கும், பார்வைக்குப் பிழை தெரியாது, செறிவை அளக்கும் நியமிப்பில்தான் அகப்படும். போத்தலின் சிட்டையில் உள்ள மூலர்த் திணிவை முதலில் வாசிக்கப் பழக்குவது நல்லது. கரைப்பதிலும் கவனம் வேண்டும்: முகவையில் கொஞ்ச நீரில் கரைத்து, முகவையைக் கழுவிய நீரோடு கனமானக் குடுவைக்கு மாற்றி, பிறகு கோடுவரை நிரப்ப வேண்டும். திண்மத்தின் மேல் 250 மில்லிலீற்றர் நீரை ஊற்றினால் கரைசலின் கனவளவு சரியாக 250 ஆக இராது.

தங்களிடம் கேட்பது சிறு திருத்தம். "ஒட்சிசன் அணுக்கள் 1 மூல்" அல்லது "ஒட்சிசன் வாயு 1 மூல்" என்று அச்சிடுங்கள். ஐதரசன், நைதரசன், குளோரீன் மூன்றுக்கும் இதுவே பொருந்தும். சோடியங்குளோரைட்டுக்கு "மூலக்கூறு" என்று போடுவதையும் தவிருங்கள். அது அயன் சேர்வை, அங்கே மூலக்கூறு கிடையாது. இதுவரை வந்த வினாக்களுக்கு 16, 32 இரண்டையும் ஏற்கலாம் என்று அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் உதவி.

இப்படிக்கு,
இரசாயனவியல் கற்பிப்போர் சிலர்,
கல்முனை.