எந்த ஹெட்போன் வாங்கட்டும் என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று ராத்திரி மூன்று ஹெட்போன் படங்களை அனுப்பி, "இதில் எதை எடுக்கட்டும் அம்மா?" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் போட மனம் வரவில்லை. காலையில் காது கிளினிக்குக் கிளம்புமுன் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் உன் பழைய இயர்பட்ஸைப் பற்றி ஒரு கேள்வி. இடது பக்கத்தில் சத்தம் ஒரே நாளில் நின்றுவிட்டதா, இல்லை வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்ததா? கொஞ்சம் கொஞ்சமாக என்றால் அது கெட்டுப்போகாமலே இருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார். சத்தம் வரும் வாயில் சின்னதாக ஒரு வலை இருக்கும். அது மெழுகு பூசியதுபோல மஞ்சளாக இருந்தால் காதழுக்குதான் அடைத்துக்கொண்டிருக்கிறது. வலை தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்துவிடு. நிமிர்த்திப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே இறங்கிவிடும். தண்ணீர் வேண்டாம், ஊசி வேண்டவே வேண்டாம். "காது மிஷின் கெட்டுப்போச்சு" என்று எங்களிடம் கொண்டுவருவார்கள். நான் முதலில் பார்ப்பது அந்த வலையைத்தான். சுத்தம் செய்து மாட்டிவிட்டதும் அவர்கள் முகம் மலர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

அது உயிர் பெற்றாலும் உனக்குப் புதிதாக ஒன்று தேவைதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று படங்களையும் பெரிதாக்கி, பெட்டியில் எழுதியிருந்ததை எல்லாம் படித்தேன். அதை வைத்து எனக்கு ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. உன் நாளை வைத்துத்தான் முடிவு செய்ய முடிந்தது. காலையில் ஒரு மணி நேரம் ரயில். அலுவலகத்தில் மூன்று நான்கு மணி நேரம் மீட்டிங். சாயங்காலம் நடை. கண்ணாடி போட்டிருக்கிறாய். காதுக்குள் எதையாவது நெடுநேரம் வைத்திருந்தால் உனக்கு அரிப்பு வரும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த ஐந்தும் எனக்குப் போதும்.

ரயிலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் என் கவலை முழுக்க அங்கேதான். உன் பழைய இயர்பட்ஸ் காதை அடைக்காத வகை. ரயில் இரைச்சல் தாராளமாக உள்ளே வரும். அதற்கு மேல் பாட்டு கேட்க வேண்டும் என்றால் வால்யூமை ஏற்றத்தான் வேண்டும். போன தடவை நீ வந்திருந்தபோது உன் போனை வாங்கிப் பார்த்தேன், முக்கால்வாசிக்கு மேல் வைத்திருந்தாய். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

காது டெஸ்ட் எடுக்க வருகிறவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்போம். தாழ்ந்த 250 ஹெர்ட்ஸ் ஒலியிலிருந்து உயர்ந்த 8000 வரை ஒவ்வொன்றாகக் கொடுப்பேன். 250, 500, 1000, 2000 என்று விரல் டக்டக்கென்று எழும். சத்தத்திலேயே வேலை பார்த்தவர்களுக்கும், வருஷக்கணக்காக உரக்கப் பாட்டு கேட்டவர்களுக்கும் 4000-த்தை ஒட்டி விரல் எழாது. நான் சத்தத்தைக் கூட்டுவேன், இன்னும் எழாது, இன்னும் கூட்டுவேன். தாளில் கோடு அந்த இடத்தில் மட்டும் பள்ளமாக இறங்கும். 8000-இல் மறுபடி ஏறிவிடும். அந்தப் பள்ளத்தை வைத்தே இது இரைச்சலால் வந்தது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். "குரல் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார்கள் அவர்கள். ஸ, ஃப மாதிரியான மெல்லிய காற்றொலிகள் எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இருபது வயதுக்காரர்களின் தாளில் அந்தப் பள்ளத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உன் ஞாபகம் வரும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: சத்தம் 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபெல் என்றால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபெல் ஏறியதற்கு நேரம் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. உன் ரயில் பயணம் மட்டுமே, போக வர, வாரத்துக்குப் பத்து மணி நேரம் ஆகிறது, கண்ணு. அதனால் உனக்கு எது நல்ல ஹெட்போன் என்று கேட்டால், அந்த ரயிலிலும் வால்யூமைப் பாதிக்குக் கீழே வைத்துக் கேட்கவிடுவது எதுவோ அதுதான். மற்றது எல்லாம் அப்புறம்.

இங்கேதான் நாய்ஸ் கேன்சலிங் உதவும். அதை ஆடம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதே. ஹெட்போனின் வெளிப்பக்கத்தில் இருக்கும் சின்ன மைக் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்பும். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். யோசனை பழையது, 1936-இலேயே ஜெர்மனியின் பால் லூக் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றுவிட்டார். ஹெட்போனுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ். 1978-இல் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, எஞ்சின் இரைச்சலில் ஹெட்போனில் பாட்டே கேட்கவில்லையாம், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-இல். எஞ்சின், ரயில், ஏசி மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த இரைச்சலில்தான் இது கெட்டி. பக்கத்து சீட்டுப் பேச்சையும் குழந்தை அழுகையையும் முழுதாக நிறுத்தாது. அந்த உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது மெத்தையும் ரப்பரும்தான். ஆகவே காதைச் சுற்றி இடைவெளி இல்லாமல் பொருந்தவேண்டும். பொருந்தாத ஹெட்போனில் எவ்வளவு நல்ல கேன்சலிங் இருந்தும் பாதிதான் கிடைக்கும்.

பொருந்துகிறதா என்று பார்க்க எளிதான வழி உண்டு. மிருதங்கம், தபேலா மாதிரி அடித்தாளம் நன்றாக இருக்கும் பாட்டைப் போடு. கேட்டுக்கொண்டே இரண்டு கையாலும் லேசாக அழுத்து. அழுத்தும்போது தாளம் திடீரென்று கனமாகிறது என்றால், கையை எடுத்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். காதுக்குள் வைக்கும் வகையானால் வேறு அளவு ரப்பர் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காதும் ஒரே அளவு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். டெஸ்ட்டுக்கு நான் முனை மாட்டும்போது வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சின்னது என்று போட வேண்டியவர்கள் நிறையப் பேர். வெவ்வேறு அளவு போடுவதில் ஒரு தப்பும் இல்லை.

உனக்குக் காதுக்குள் வைப்பது வேண்டாம் என்று நினைக்கிறேன். நான்கு மணி நேரம் துளையை அடைத்து வைத்தால் உள்ளே ஈரம் தங்கி அரிப்பு வரும். காதை முழுக்க மூடும் வகையே வாங்கு. அதில் கண்ணாடிதான் தொந்தரவு. கண்ணாடியின் கால் மெத்தைக்கும் தலைக்கும் நடுவில் புகுந்து ஒரு சந்து விட்டுவிடும், அதன் வழியே ரயில் உள்ளே வந்துவிடும். கொஞ்ச நேரத்தில் காதுக்கு மேலே வலிக்கவும் செய்யும். மெத்தை தடிமனாக, விரலால் அழுத்தினால் அமுங்கி மெல்ல எழுவதாக இருந்தால் கண்ணாடிக் காலை அது சுற்றி அணைத்துக்கொள்ளும். கடையில் அரை நிமிஷம் மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதே. கண்ணாடியோடு இருபது நிமிஷம் மாட்டியபடி நில். 250 கிராம் முதலில் ஒன்றுமே இல்லாததுபோலத்தான் இருக்கும், உச்சந்தலைக்கு அது தெரிய நேரமாகும்.

அடுத்தது உன் மீட்டிங். இதில் எதிர்முனையில் இருப்பவள் என்ற முறையில் எனக்கு ஒரு அனுபவம் உண்டு. நீ பேசுவது சில நாள் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். உன் மேல் தப்பு இல்லை. இயர்பட்ஸின் மைக் காதோரத்தில் இருக்கிறது, வாய் எங்கோ இருக்கிறது. சுற்றியுள்ள சத்தத்தை வடிகட்டும்போது உன் குரலிலும் கொஞ்சம் போய்விடுகிறது. பேச்சே வேலையாக இருப்பவர்களுக்கு வாய் வரை நீண்டுவரும் மைக் வைத்ததுதான் இன்றைக்கும் முதல் தரம்.

இன்னொன்றும் சொன்னாய்: பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கிறது, கம்ப்யூட்டரில் மீட்டிங் ஆரம்பித்ததும் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறது என்று. அது ஹெட்போனின் கோளாறு இல்லை. புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி. பாட்டு வழியில் ஒலி போவது மட்டும்தான், திரும்பி வருவது இல்லை. மைக் திறந்ததும் பேச்சு வழிக்கு மாறிவிடும். வினாடிக்கு 44,100 தடவை அளந்த துல்லியத்தில் வந்துகொண்டிருந்த ஒலி, அங்கே பெரும்பாலும் 16,000 அல்லது 8,000 தடவையாகக் குறைந்துவிடும். விலை கூடிய ஹெட்போனிலும் இப்படித்தான். செய்ய வேண்டியது ஒன்றுதான்: மீட்டிங் செட்டிங்கில் மைக் என்ற இடத்தில் கம்ப்யூட்டரின் சொந்த மைக்கையும், ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும் தேர்ந்தெடு. பாட்டு வழியிலேயே இருந்துவிடும், உன் குரலும் தெளிவாகப் போகும். எல்ஈ ஆடியோ என்ற புது புளூடூத் முறை 2020-இல் அறிவிக்கப்பட்டது, அதில் இந்தச் சங்கடம் குறைவு, ஆனால் ஹெட்போன், கம்ப்யூட்டர் இரண்டிலும் அது இருந்தாக வேண்டும்.

மல்டிபாயிண்ட் இருக்கிறதா என்று கட்டாயம் பார். கம்ப்யூட்டரோடும் போனோடும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும், மீட்டிங் முடிந்ததும் ஒவ்வொரு தடவையும் பிரித்துச் சேர்க்க வேண்டியதில்லை. ஒயர் சொருகும் துளை இருந்தால் நல்லது, சார்ஜ் தீர்ந்த நாளில் கைகொடுக்கும். எல்டாக், ஆப்டெக்ஸ் என்பவை புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள், அந்தப் பெயர்களுக்காகப் பணத்தைக் கூட்டாதே. உன் ஐபோன் அவற்றில் பேசாது, ஏஏசி என்ற இன்னொரு முறையில்தான் பேசும், ரயிலில் கேட்க அது தாராளம். ஐபிஎக்ஸ்4 என்று போட்டிருந்தால் தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். காதை மூடும் ஹெட்போன்களில் பெரும்பாலும் அது இருக்காது, மழையில் பைக்குள் வைத்துவிடு.

பேட்டரியில் மணிக்கணக்கைப் பார்க்கிறோம், வருஷக்கணக்கைப் பார்ப்பதில்லை. பட்ஸுக்குள் இருப்பது பொட்டுபோல ஒரு பேட்டரி. தினமும் தீர்ந்து தினமும் ஏறுவதால் சீக்கிரம் களைத்துப்போகும், மாற்றவும் வழி இருக்காது. பெரியதில் ஒரு சார்ஜ் இருபது முப்பது மணி நேரம் வரும், அதனால் சார்ஜ் ஏற்றும் தடவைகள் குறைவு, ஆயுளும் கூடும். மெத்தை மட்டும் ஒன்றிரண்டு வருஷத்தில் உரிய ஆரம்பிக்கும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடு.

ஆகவே உன் மூன்று படங்களில் முதலாவது வேண்டாம், அது காதுக்குள் வைப்பது. மூன்றாவதன் மெத்தை காதின் மேலேயே உட்காரும் வகை, கண்ணாடியோடு ஒத்துவராது. நடுவில் இருக்கும் கறுப்பு நிறம்தான். அதை மாட்டிப் பார், வலித்தால் அதே மாதிரி வேறொன்று பார்.

சாயங்கால நடைக்கு மட்டும் புதியதைக் கொண்டுபோகாதே. இரைச்சலை அழிக்கும் ஹெட்போனோடு சாலையைக் கடக்கிறாய் என்று நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. உன் பழையதில் வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது? அதை ஒன்றை மட்டும் வைத்துக்கொள், இடது காது சாலைக்கு இருக்கட்டும்.

வாங்கியதும் எனக்கு ரயில் நிலையத்திலிருந்தே ஒரு போன் போடு, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வேண்டாம். அந்த இரைச்சலில் உன் குரல் எப்படி வருகிறது என்று கேட்டுச் சொல்கிறேன். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள் செய்.

அன்புடன்,
அம்மா