ஃபோர்ட்ஷ்ரிட் பற்றிக் கேட்டாயே

டிரெஸ்டன்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவன் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டானா! இங்கே எல்லோரும் நலம். நைட் ட்யூட்டி பார்த்துக்கொண்டே ஜெர்மன் மொழியின் பி2 நிலை வகுப்புக்கும் போகிறாய் என்பதைப் படித்து என் வார்டில் இருக்கும் இரண்டு மலையாளிப் பெண்களிடமும் பெருமையாகச் சொன்னேன். நர்ஸ் வேலைக்கு இங்கே வர பி2 கேட்கிறார்கள் என்பதால் அவர்களுக்கும் அந்தப் பாடு நன்றாகத் தெரியும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். 'முன்னேற்றம்' என்பதற்கு ஜெர்மனில் டேர் ஃபோர்ட்ஷ்ரிட் என்று சொல்லிக் கொடுத்து, அதை வைத்து நாலு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்களாமே. நீ எழுதிய நாலில் மூன்றை இங்கே யாரும் பேச்சில் சொல்ல மாட்டார்கள். கோபித்துக்கொள்ளாதே, இலக்கணம் அவ்வளவு மோசமில்லை. அந்தச் சொல் ஒருமையில் ஒரு ஆள், பன்மையில் வேறு ஆள். அதை உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு மனுஷனின் முன்னேற்றம் என்றால் பன்மைதான். 'நான் முன்னேறுகிறேன்' என்பதற்கு 'இஹ் மாஹெ ஃபோர்ட்ஷ்ரிட்' என்று எழுதியிருக்கிறாய். 'இஹ் மாஹெ ஃபோர்ட்ஷ்ரிட்டெ' என்று கடைசியில் அந்த 'டெ' வர வேண்டும். ஷ்ரிட் என்றால் காலடி. ஒரே அடி வைத்துவிட்டு முன்னேறினேன் என்று சொல்ல முடியாதே, அப்படி நினைத்துக்கொள். என் மகனின் முதல் வகுப்பு ரிப்போர்ட்டில் மார்க் கிடையாது, எழுத்தில்தான் வரும். அதில் கணக்குக்கு நேரே 'கூட்டெ ஃபோர்ட்ஷ்ரிட்டெ' என்று இருந்தது. நல்ல முன்னேற்றமாம். கையெழுத்துக்கு நேரே அந்தச் சொல்லையே காணோம். அதிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

நம் வேலையில் இதைத் தினமும் சொல்ல வேண்டியிருக்கும். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவரிடம் ஒப்படைக்கிறோம் இல்லையா, அதற்கு இங்கே யூபர்காபெ என்று பெயர். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர் கட்டிலை விட்டு எழுந்து நடக்கத் தொடங்கினால், 'எர் மாஹ்ட் ஃபோர்ட்ஷ்ரிட்டெ பை டேர் மோபிலிஸாட்ஸியோன்', நடமாட்டத்தில் முன்னேறுகிறார் என்போம். எந்த விஷயத்தில் முன்னேற்றம் என்றால் 'பை'. பள்ளிப் பாடம் என்றால் 'இன்'. இந்த இரண்டும் போதும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் 'கைனெ ஃபோர்ட்ஷ்ரிட்டெ', அதுவும் பன்மைதான்.

ஒரு எச்சரிக்கை. இதே குடும்பத்தில் ஃபோர்ட்கெஷ்ரிட்டன் என்று ஒன்று உண்டு. மொழி வகுப்பில் 'ஃப்யூர் ஃபோர்ட்கெஷ்ரிட்டனெ' என்றால் மேல்நிலை மாணவர்களுக்கு, சந்தோஷமான சொல். ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டியைப் பற்றி அதே சொல்லைச் சொன்னால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். நோயாளியின் மகள் பக்கத்தில் நிற்கும்போது அதைக் கேட்டுச் சிரித்துத் தலையாட்டிவிடாதே.

ஒருமைக்கு வருகிறேன். காலத்தோடு வரும் பெரிய மாற்றம், தொழில்நுட்பம், சமூகம் இதெல்லாம் பேசினால் டேர் ஃபோர்ட்ஷ்ரிட், ஒருமை. பி2 பேச்சுத் தேர்வில் ஒரு சிறு உரையும் ஒரு விவாதமும் உண்டு, அங்கே 'டேர் டெஹ்னிஷெ ஃபோர்ட்ஷ்ரிட்', தொழில்நுட்ப முன்னேற்றம், உனக்குக் கைகொடுக்கும். அரசியல்வாதிகளுக்கும் இது ரொம்பப் பிடிக்கும். 2021-இல் மூன்று கட்சிகள் சேர்ந்து ஆட்சி அமைத்தபோது ஒப்பந்தத்துக்கு வைத்த தலைப்பு 'மேர் ஃபோர்ட்ஷ்ரிட் வாகன்', இன்னும் அதிக முன்னேற்றத்துக்குத் துணிவோம் என்று. 1969-இல் அப்போதைய சான்சலர் வில்லி பிராண்ட் 'இன்னும் அதிக ஜனநாயகத்துக்குத் துணிவோம்' என்றாரே, அந்தச் சாயல். தங்களையே முன்னேற்றக் கூட்டணி என்று அழைத்துக்கொண்டார்கள். 2024 நவம்பரில் கூட்டணி உடைந்தது. அதற்குள் எங்கள் காபி மேசையில் அந்தச் சொல்லைக் கிண்டல் இல்லாமல் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

'ஐன்', அதாவது 'ஒரு', சேர்த்து ஒருமையில் சொன்னால் வேறு ருசி. 'டாஸ் இஸ்ட் ஷோன் மால் ஐன் ஃபோர்ட்ஷ்ரிட்', அதாவது, பரவாயில்லையே, இதுவே பெரிய விஷயம். என் வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தொட்டிவரை கொண்டுபோய் வைத்த அன்று நான் சொன்னது இதுதான். கழுவவில்லை. வைத்தார்.

அப்புறம், எங்கள் மாநிலமான சாக்சனியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. கிழக்கு ஜெர்மனி காலத்தில் விவசாய இயந்திரங்களுக்கு ஃபோர்ட்ஷ்ரிட் என்று ஒரு பிராண்ட் இருந்தது. தலைமையிடம் இங்கிருந்து கிழக்கே, செக் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நொய்ஸ்டட். அவர்களுடைய ஈ 512 என்ற அறுவடை இயந்திரத்தை அந்தத் தலைமுறை ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. போன மாதம் எங்கள் வார்டில் எண்பது தாண்டிய ஒரு தாத்தா இருந்தார், கூட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். நடைவண்டியைப் பிடித்து ஜன்னல்வரை போய்த் திரும்பினார். நான் வழக்கம்போல, 'ஸீ மாஹன் ஃபோர்ட்ஷ்ரிட்டெ' என்றேன், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நீங்கள் ஃபோர்ட்ஷ்ரிட் செய்கிறீர்கள்'. மனுஷன் நின்று, மூச்சு வாங்கிவிட்டு, 'செய்யவில்லை அம்மா, ஓட்டியிருக்கிறேன், பதினைந்து அறுவடை' என்றார். எனக்குப் புரியவே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் சிரித்த சிரிப்பில் அவருடைய தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துபோனேன்.

கடைசியாக ஒன்று. சாதாரணப் பேச்சில் இவர்கள் இந்தச் சொல்லை அவ்வளவாகத் தேடிப் போவதில்லை. வேலை எப்படிப் போகிறது என்று கேட்டால் 'எஸ் கேட் ஃபோரான்', ஏதோ நகர்கிறது என்பார்கள். உடம்பைக் கேட்டால் 'பெஸ்ஸர்', நம்முடைய 'தேவலை' மாதிரி. நீ அனுப்பிய மற்ற இரண்டு வாக்கியங்களிலும் இதைப் போட்டுப் பார், சரியாக உட்காரும்.

உரைக்கு என்ன தலைப்பு எடுக்கிறாய் என்று எழுது. ஞாயிற்றுக்கிழமை போனில் ஒத்திகை பார்க்கலாம். எனக்கு மத்தியானம் என்றால் உனக்குச் சாயங்காலம், ட்யூட்டிக்குக் கிளம்பும் முன் கூப்பிடு. அத்தைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

அன்புடன்,
செல்வி