பிள்ளை சொல்வதற்கும் இடம் விடுங்கள்: மொழிப்பாடம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மொழிப் பாடத்திட்டம் வகுக்கும், பாடநூல் எழுதும், வினாத்தாள் அமைக்கும் குழுக்களின் பெருமக்களுக்கு,

வணக்கம்.

கடிதம் எழுதும் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறேன். தாளின் மேலே அனுப்புநர், அதற்குக் கீழே பெறுநர், பிறகு பொருள், விளி, உடற்பகுதி, இப்படிக்கு, இடம், நாள், கடைசியில் உறைமேல் முகவரி. ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண், ஒரு மதிப்பெண் என்று விடைக்குறிப்பு பிரித்துக் கொடுக்கிறது. உடற்பகுதியில் ஒரு தெருவிளக்கு எரியாமல் கிடக்கிறது. வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளின் தாளிலும் அதே விளக்கு, அதே நான்கு வாக்கியங்கள், "ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற அதே முடிப்பு. பெயர் கற்பனை, முகவரி கற்பனை, பெறுநர் கற்பனை. படிக்கப்போகிறவர் திருத்துபவர் ஒருவர்தான். அவரும் விளக்கு எரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வதற்காகப் படிப்பதில்லை.

மொழி கற்பித்துவரும் ஆசிரியர் என்ற உரிமையில் இதை உங்கள் முன் வைக்கிறேன். மொழிப்பாடத்தின் பெரும்பகுதி இந்த வார்ப்பில்தான் இருக்கிறது. கேட்பவருக்கு முன்பே விடை தெரிந்த கேள்விகள்; சொல்பவருக்குச் சொல்ல விருப்பமில்லாத விடைகள். பள்ளிக்கு வெளியே யாரும் இப்படிப் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்டால், தெரியாததால் கேட்கிறார். நாம் தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாவிட்டால் கையை விரிக்கிறோம், சில சமயம் வாதாடுகிறோம். இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் மொழி உயிரோடு இருக்கிறது. மொழி வகுப்புக்குள் நுழைந்ததும் அது நின்றுவிடுகிறது.

இது புதிய குறை அன்று. கல்வியைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்தவர்கள் திரும்பத் திரும்ப இந்த இடத்திற்கே வந்திருக்கிறார்கள். மொழியைத் தனியொரு பொருளாக எடுத்து வைத்துக் கற்பிப்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி 1899ஆம் ஆண்டு உரைகளில் வியந்தார். சொல்வதற்கு ஒன்று இருப்பது வேறு, ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டியிருப்பது வேறு. இரண்டுக்கும் இடையே மலையளவு தூரம் என்பது அவர் கருத்து. நம் கட்டுரைப் பயிற்சிகள் எல்லாம் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. சோவியத் உளவியலாளர் விகோட்ஸ்கி இன்னும் நுட்பமாகப் பார்த்தார். பேசும் குழந்தைக்கு எதிரே ஒரு முகம் இருக்கிறது. எழுதும் குழந்தைக்கு எதிரே வெறும் தாள். எழுதக் கற்பிக்கத் தொடங்கும் பருவத்தில், எழுத வேண்டிய தேவை குழந்தையின் மனத்தில் இன்னும் முளைத்திருப்பதே இல்லை என்று அவர் சுட்டினார். அவர் மறைந்த 1934ஆம் ஆண்டிலேயே வெளிவந்த நூலில் இது இருக்கிறது. தேவையை உண்டாக்காமல் வடிவத்தை மட்டும் கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தெருவிளக்குக் கடிதம் போதும்.

பழங்காலக் கிறித்தவ அறிஞர் அகஸ்டினின் தன்வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது. மொழியாசிரியர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. கிரேக்க மொழியை அடிகளுக்கும் அச்சத்திற்கும் நடுவே படித்து வெறுத்தார். லத்தீனைச் செவிலியர் கொஞ்சலிலும் சுற்றியிருந்தோர் சிரிப்பிலும் கற்றார். கற்பித்தவர்களிடமிருந்து வரவில்லை, பேசியவர்களிடமிருந்து வந்தது என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம்தான் முக்கியம்: தன் உள்ளத்தில் இருந்ததை வெளியே கொண்டுவரத் தன் நெஞ்சே தன்னை நெருக்கியது, கேட்பதற்கும் காதுகள் இருந்தன. சொல்ல வேண்டும் என்ற உந்துதல், கேட்க ஒருவர். இந்த இரண்டையும் நம் பாடத்திட்டம் எந்தப் பக்கத்தில் தருகிறது?

தமிழில் நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. நன்னூலைப் புணர்ச்சி விதிகளுக்காக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கற்பதும் கற்பிப்பதும் எப்படி என்று சொல்லும் அதன் முன்னுரையான பொதுப்பாயிரத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு செவ்வையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கைவருவது கால் பங்குதான் என்கிறார் பவணந்தி முனிவர்: "காற்கூறு அல்லது பற்றலன் ஆகும்." உடன் பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால். மிச்சமுள்ள அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு விரித்துரைக்கும்போது வருகிறது. சுமார் 800 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்கு இது. கேட்பதற்குக் கால், பேசுவதற்கு முக்கால். நம் கால அட்டவணையில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது என்று சொன்னால்கூட அது தாராளம். மாணவர் வாய்திறந்து ஒன்றை விளக்கும் நேரம் முழுப் பாடவேளையில் எவ்வளவு என்று ஏதாவது ஒரு வகுப்பின் கடைசிப் பலகையில் உட்கார்ந்து நீங்களே பாருங்கள். பெரிய வகுப்பில் இது நடக்காது என்பார்கள். உடன் பயில்வோர் பற்றிப் பாயிரம் சொல்வதே அதற்கு வழி. இருவர் இருவராகப் பேச வைத்தால், ஒரே நேரத்தில் பாதி வகுப்பு பேசும், பாதி வகுப்பு கேட்கும்.

பிள்ளை பேசட்டும் என்றால் எந்த மொழியில் என்ற கேள்வி உடனே எழும். பிளேட்டோவின் 'மீனோ' உரையாடலில், கணிதமே படித்திராத அடிமைச் சிறுவன் ஒருவனிடம் சாக்ரடீஸ் ஒரு சதுரத்தின் பரப்பை இரட்டிப்பாக்கச் சொல்கிறார். சோதனையைத் தொடங்குமுன் அவர் உறுதிசெய்துகொள்வது ஒன்றே ஒன்று: இவன் கிரேக்கம் பேசுவான் அல்லவா? அதன் பிறகுதான் மண்ணில் கோடு விழுகிறது. இரண்டடிப் பக்கத்தை நான்கடியாக்கினால் போதும் என்கிறான் சிறுவன், தவறு. மூன்றடி என்கிறான், அதுவும் தவறு. சாக்ரடீஸுக்கு விடை தெரியும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த இரண்டு தவறுகளையும் சிறுவன் தன் வாயால் சொல்லி, தானே சரிபார்க்கும் வரை அவர் காத்திருக்கிறார். தனக்குத் தெரிந்த மொழியில் பேசியதால்தான் அவனால் துணிந்து தவறு செய்ய முடிந்தது.

நம் கீழ்வகுப்புகளில் நடப்பது வேறு. தான் கண்ட ஒன்றைப் பற்றி ஒரு பிள்ளை வீட்டுப் பேச்சில் இரண்டு வரி எழுதுகிறது. சிவப்பு மை அந்தச் சொற்களைச் சுழித்துவிடுகிறது. என்ன சொல்லியிருக்கிறது என்பதற்கு மறுமொழி எதுவும் இல்லை. அடுத்த முறை அந்தப் பிள்ளை பாடநூலில் உள்ள வரியை எழுதும். அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

எழுத்து வழக்கு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வீட்டில் நூல்களோடு வளரும் பிள்ளைக்கு அது தானாகவே காதில் விழுகிறது. அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளைக்குப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லை. இலக்கணத்தையும் பொது வழக்கையும் அவருக்குத் தெளிவாகக் கற்பிக்காமல் விடுவது அநீதி. எப்போது, எதற்காகக் கற்பிக்கிறோம் என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு. தான் சொல்ல வந்தது படிப்பவருக்கு விளங்க வேண்டும் என்ற கவலை வந்த பிறகு கற்கும் விதி நிற்கிறது. அந்தக் கவலை வராமல் கற்ற விதி தேர்வோடு போய்விடுகிறது.

மொழியைப் பற்றி ஆராய்ந்த தத்துவஞானி லுட்விக் விட்கென்ஸ்டைன் ஆஸ்திரியக் கிராமப் பள்ளிகளில் 1920 முதல் 1926 வரை ஆசிரியராக இருந்தார். மாணவர்கள் தங்கள் எழுத்துப் பிழையைத் தாங்களே பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காகத் தொடக்கப்பள்ளி அகராதி ஒன்றை 1926இல் வெளியிட்டார். அதே மனிதர் வகுப்பில் பிள்ளைகளை அடித்தார்; அடிபட்ட ஒரு சிறுவன் மயங்கி விழுந்ததை அடுத்துப் பணியை விட்டு விலகினார். மொழியைப் பற்றிப் பேரறிவு இருந்தாலும் பிள்ளையின் மேல் பொறுமை இல்லாவிட்டால் வகுப்பறையில் என்ன நடக்கும் என்பதை மறக்காமலிருக்க இதையும் சேர்த்துச் சொல்கிறேன். பவணந்தியார் ஆசிரியருக்கு வைத்த விதியில் "விரையான் வெகுளான்" என்பது வருகிறது. "கொள்வோன் கொள்வகை அறிந்து" என்பது அதை ஒட்டியே வருகிறது.

வாழ்க்கையிலிருந்து சொல்லை எடுத்தால் எழுத்து எவ்வளவு விரைவாக வரும் என்பதற்குப் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெயரே பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 1963இல் நடத்திய வகுப்புகள் சான்று. அங்கே சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர வகுப்பில் எழுதப் படிக்கக் கற்பிக்கப்பட்டது. முதலில் அவர்கள் தொழிலிலும் அன்றாடத்திலும் புழங்கும் சொற்களைத் திரட்டினார்கள். அந்தச் சொல் குறிக்கும் பொருளைப் பற்றி, அதைச் செய்வது யார், பயன் யாருக்கு என்று பேசினார்கள். பேசி முடித்த பிறகே அசைகளாகப் பிரித்து எழுதினார்கள். அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃபிரெயரே சிறைக்குப் போனார், பிறகு நாட்டை விட்டே போக நேர்ந்தது. மக்கள் தாங்களாகச் சொல்லத் தொடங்குவதை அதிகாரம் எவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்ளும் என்பது அதிலிருந்து தெரிகிறது. நாமும் அதே தீவிரத்தோடு அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் வேண்டுகோள்கள் பெரியவை அல்ல. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், பாடநூல் எழுதியவருக்கே விடை தெரியாத ஒரு கேள்வியாவது இருக்கட்டும். "இந்தக் கதையில் உங்களுக்கு ஒப்புக்கொள்ள முடியாத இடம் எது, ஏன்?" என்பது போல. கடிதப் பயிற்சி என்றால் உண்மையில் அனுப்பப்படும் கடிதமாக இருக்கட்டும். பக்கத்து வகுப்புக்கு எழுதினாலும் போதும், மறுமொழி வர வேண்டும். கீழ்வகுப்புகளில் வீட்டுப் பேச்சில் வரும் விடைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். பொது வழக்கில் எப்படி எழுதுவது என்பதை அருகில் காட்டினால் போதும். வினாத்தாளில் கால் பங்கு மதிப்பெண்ணை, விடைக்குறிப்பில் முன்கூட்டியே எழுதி வைக்க முடியாத விடைகளுக்கு ஒதுக்குங்கள்.

கடைசிக் கோரிக்கைக்கு நீங்கள் என்ன மறுப்பு சொல்வீர்கள் என்பது தெரியும். ஆளுக்கு ஆள் மதிப்பெண் மாறும், நடுநிலை கெடும் என்பீர்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அதற்காகக் கேள்வியையே எடுத்துவிட வேண்டியதில்லை. சொல்ல வந்தது படிப்பவருக்கு விளங்குகிறதா, காரணம் காட்டப்பட்டிருக்கிறதா, சான்று இருக்கிறதா என்ற அளவுகோல்களை முதலிலேயே அச்சிட்டு மாணவருக்கும் கொடுத்துவிடலாம். ஒரே தாளை இருவர் தனித்தனியே திருத்தலாம். இருவருக்கும் மிகுந்த வேறுபாடு வந்தால் மூன்றாமவர் பார்க்கலாம். எல்லா வகுப்புகளிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டியதும் இல்லை. பொதுத்தேர்வு இல்லாத ஒரு வகுப்பில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். அந்த ஆண்டின் தாள்களைத் திருத்தியவர்களையே அழைத்து, அளவுகோலில் எது நின்றது, எது சறுக்கியது என்று கேளுங்கள். முதல் வரைவைத் தயாரிக்க வகுப்பறையிலிருந்து ஆள் தேவைப்பட்டால், விடுமுறையில் வந்து உழைக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
மொழியாசிரியர் ஒருவர்