அத்தானுக்கு ரங்கூனிலிருந்து ஒரு சினிமாக் கடிதம்

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தையின் மூட்டுவலி தேவலையா? எண்ணெய் கேட்டிருந்தார்கள், ஆள் யாராவது வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் சொன்ன படங்களில் பெரும்பாலானவற்றைப் பார்த்தாயிற்று. போனில் பேசினால் நான் இரண்டு வரி சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்து படத்தின் கதையையே வேறாக்கிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். உங்களோடு சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து சினிமா பேசுகிற கூட்டமும் படித்துவிட்டு என்னைத் திட்டட்டும் என்று எல்லோரும் பார்க்கும்படியே எழுதுகிறேன். கதையின் முடிவுகளும் நடுவில் வரும். படம் பார்க்காதவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கூலியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரஜினி சினிமாவுக்கு வந்து 50 வருடம் ஆனதற்கு ஒரு கொண்டாட்டம் என்று வைத்துக்கொண்டால் பார்க்கலாம். நாகார்ஜுனா, சத்யராஜ், உபேந்திரா, ஆமிர் கான் என்று லோகேஷ் கனகராஜ் ஆள் சேர்த்துக்கொண்டே போகிறார். கடைசியில் மனசில் நிற்பவர் சௌபின் சாஹிர் ஒருவர்தான். மோனிகா பாட்டில் அவர் போட்ட ஆட்டத்தை என் மகன் வீட்டுக்குள் ஆடிக் காட்டி, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவ்வளவுதான் கூலி.

மெய்யழகனுக்கு வருகிறேன். இதில்தான் உங்களோடு எனக்குத் தகராறு.

முதலில் இந்தப் படத்தை நாங்கள் பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். கரண்ட் இங்கே முறை வைத்துத்தான் வருகிறது. வந்ததும் தண்ணீர் மோட்டார், சோற்றுக் குக்கர், பேட்டரிக்கு சார்ஜ் என்று ஒவ்வொன்றாக ஓடி முடித்த பிறகுதான் டிவிக்கு மிச்சம். ஒரு முழுப் படத்தை ஒரே மூச்சில் பார்ப்பது எங்களுக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி, எப்போதாவது வாய்க்கும். மெய்யழகனைத் துண்டு துண்டாகத்தான் பார்த்தோம். ஆனால் அது அந்தப் படத்துக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஒரு ராத்திரி முழுக்க இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிற படம்தானே, விட்ட இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். படம் வெளியான சில நாளிலேயே நீளம் என்று சொல்லி ஏறக்குறைய 18 நிமிடத்தை வெட்டினார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சைத் தவிர வேறு எதுவும் இல்லாத படத்தில் பேச்சு அதிகம் என்று குறை சொன்னால் என்ன செய்வது!

"நம்ம கதைடா, அழுதுகொண்டே பார்த்தேன்" என்றீர்கள். அது உங்கள் கதை, அத்தான். 1996இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போகிற அரவிந்த்சாமி, 22 வருடம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு ஊர்ப்பக்கம் வருகிறார். வந்த இடத்தில் ஒருவன், அதுதான் கார்த்தி, "அத்தான், அத்தான்" என்று காலையே சுற்றிச் சுற்றி வருகிறான். அவன் பெயர் இவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம். ஐந்து வயதில் ரங்கூனில் கப்பலேறிய உங்களுக்கு அரவிந்த்சாமியைப் பார்த்தால் கண் கலங்காதா? கலங்கும். ஆனால் நான் கப்பலேறாத வீட்டுப் பிள்ளை. எனக்குப் படம் முழுக்கக் கார்த்திதான் தெரிந்தார்.

நீங்கள் இங்கே வந்திருந்தபோது முதல் நாள் முழுக்க என்னை அண்ணன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டீர்கள். நானும் திருத்தவில்லை. மொகல் தெரு வீட்டைப் பார்க்க வேண்டும் என்றீர்கள், கூட்டிப்போனேன். மாடிப்படியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தீர்கள். பால்கனியிலிருந்து தெரு வரை தொங்குகிற கயிற்றைப் பார்த்துவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றீர்கள். நுனியில் கிளிப், மேலே மணி. பேப்பர்க்காரர் பேப்பரை கிளிப்பில் மாட்டிக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும், வீட்டுக்காரர்கள் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொள்வார்கள். அதைப் பத்து போட்டோ எடுத்தீர்கள். எனக்கு அது தினமும் பார்க்கிற கயிறு. அறுந்தால் மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அதைப் பற்றி எனக்கு இருக்கிற நினைப்பு.

படத்தில் அந்தச் சைக்கிள் விஷயம் வருகிறதல்லவா, அரவிந்த்சாமி விட்டுப்போன சைக்கிளால் தன் குடும்பமே நிமிர்ந்தது என்று கார்த்தி சொல்வாரே. அங்கே என் மனைவி படத்தை நிறுத்தச் சொன்னாள். "அத்தை மெஷின்" என்றாள். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அத்தை புறப்படும்போது எடுத்துப்போக முடியாமல் அம்மாவிடம் விட்டுப்போன சிங்கர் தையல் மெஷினில்தான் அம்மா ரவிக்கை தைத்து எங்கள் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்துக்கொண்டாள். பெல்ட் மட்டும் பலமுறை மாற்றியிருக்கிறோம். இன்றைக்கும் ஓடுகிறது. அத்தையிடம் சொல்லுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு என் குறையையும் சொல்லிவிடுகிறேன். இயக்குநர் பிரேம்குமார் கார்த்தியை மிகவும் நல்லவனாக்கிவிட்டார். ஊரிலேயே இருந்தவனுக்கு ஒரு கோபமும் கிடையாதா? 22 வருடமாக ஒரு வார்த்தை விசாரிக்காத சொந்தக்காரர் திடுதிப்பென்று வந்து நின்றால், கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கத்தான் தோன்றுமா? ஒரு நிமிடமாவது, இவ்வளவு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்கத் தோன்றாதா? எங்கள் அப்பா அத்தையின் கடிதத்துக்காகப் போஸ்ட்மேனிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர். கடிதம் வந்த நாளில் சந்தோஷப்படுவார், அதே நாள் ராத்திரி, "போனவங்க போனவங்கதான்" என்று முணுமுணுப்பார். இரண்டும் ஒரே மனுஷனுக்குள் இருந்தன. கார்த்தி பாத்திரத்தில் அந்த இரண்டாவது ஆள் இல்லை. போனவர்கள் தங்கள் குற்ற உணர்ச்சியைக் கழுவிக்கொள்வதற்கு வசதியாக ஒரு ஆளை எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. கார்த்தி நடிப்பில் குறை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மதினி சண்டைக்கு வருவார்கள்.

டூரிஸ்ட் ஃபேமிலி வேறு மாதிரி தைத்தது. 2025 மே 1இல் வந்த படம், இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படம். இலங்கையின் பணக்கஷ்டம் தாங்காமல் சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பையன்களோடு ராத்திரியில் படகேறி ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு காலனியில் குடியேறுகிறார்கள். வாயைத் திறந்தால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும். அதனால் பேச்சைப் பார்த்துப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்கு இது புதுசு. எங்களுக்குப் பழக்கம். பள்ளிக்கூடப் பதிவேட்டில் பர்மியப் பெயர், கோயில் அர்ச்சனைக்குத் தமிழ்ப் பெயர் என்றுதான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். பஸ்ஸில் நான் தமிழில் கேட்டால் என் மகன் பர்மிய மொழியில் பதில் சொல்வான், அதுவும் மெதுவாக. பயம் எதுவும் இல்லை, அது ஒரு பழக்கம். சிம்ரன் அக்கம்பக்கத்தாரிடம் பேச வாயெடுத்துவிட்டுச் சட்டென்று தயங்கும்போது அவன்தான் வீட்டில் முதலில் சிரித்தான்.

இந்தப் படத்திலும் அதே நோய் இருக்கிறது: காலனியில் எல்லோரும் தங்கம். வீட்டுக்காரரே போலீஸ் அதிகாரி, அவரும் தங்கம். குமரவேலின் மனைவி இறந்த வீட்டில், அதுவரை ஒருவரை ஒருவர் ஏறிட்டுப் பார்க்காத காலனிக்காரர்கள் கூடுகிற இடம் மட்டும் நிஜமாக இருந்தது. சாவு வீட்டில் அப்படித்தான் நடக்கும். மற்றபடி, வந்தவர்கள் நல்லவர்களாக இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்பது போல எடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சிடுமூஞ்சியான, கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரு குடும்பம் படகில் வந்தால் அவர்களுக்கு இடம் இல்லையா?

அத்தான், இதே கதையை அறுபதுகளின் மெட்ராசில் வைத்து யாராவது எடுத்திருக்க வேண்டாமா? 1964இல் இங்கே கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களை வியாசர்பாடியில் அக்கம்பக்கம் எப்படிப் பார்த்தது என்று அத்தை கதை கதையாகச் சொல்வார்கள். பேசுவது தமிழ், ஆனால் "பர்மாக்காரங்க" என்று பெயர். அத்தோ, மொய்ங்கா என்கிற பர்மிய நூடுல்ஸ் பண்டங்களைத் தள்ளுவண்டியில் வைத்து விற்று, பர்மா பஜாரில் கடை போட்டு நிமிர்ந்த கதை. நீங்கள் வீட்டில் ரகசியம் பேச இன்னமும் பர்மிய மொழியைத்தான் எடுக்கிறீர்கள் என்று உங்கள் மகள் சிரிக்கிறாள். படத்துக்கு அது ஒன்றே போதும்.

ரங்கூனைத் தமிழ் சினிமா மறக்கவில்லைதான். ஆனால் எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் பர்மா ராணி எடுத்தது, ஜப்பான்காரன் பிடியில் இருந்த பர்மா அது. 1956இல் அண்ணாவின் கதையான ரங்கோன் ராதா வந்தது, கணவனின் கொடுமைக்குத் தப்பிய பானுமதி போய்ச் சேருகிற தூரத்து ஊர் ரங்கூன். இரண்டுக்கும் நடுவில் பராசக்தி, 1952. மூன்று அண்ணன்மாரும் ரங்கூனில் இருக்கிறார்கள், மதுரையில் தங்கை கல்யாணம், யுத்தத்தால் சிவாஜிக்கு மட்டும் கப்பல் டிக்கெட் கிடைக்கிறது. கப்பல் கிளம்பியதும் ரங்கூன் முடிந்தது. நடுவில் உள்ள அண்ணன் ஞானசேகரன் ஒரு காலை இழந்து அகதியாகத் தமிழ்நாடு வந்து பிச்சைக்காரர்களோடு சேர்ந்துவிடுகிறார். எல்லோரும் கோர்ட் வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த அண்ணன் நடந்து வந்த வழியைப் பார்க்க வேண்டும் போல இருக்கும். 1942இல் இங்கேயிருந்து இந்தியாவுக்கு நடந்தே புறப்பட்டவர்கள் லட்சக்கணக்கில். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். நம் தாத்தாவும் புறப்பட்டவர்தானே. புரோம் வரைக்கும் போய், காய்ச்சல் கண்டு, இனி நடக்க முடியாது என்று திரும்பினார். திரும்பியதால்தான் நான் இங்கே இருக்கிறேன். அந்த வழி, அந்தத் திரும்பல், எதுவும் எந்தப் படத்திலும் இல்லை.

2017இல் வந்த ரங்கூனை நீங்கள் மட்டமாகப் பேசினீர்கள். நான் அவ்வளவு மோசம் என்று சொல்லமாட்டேன். அமரன் எடுத்த ராஜ்குமார் பெரியசாமியின் முதல் படம் அது. பர்மா பஜாரிலிருந்து தங்கம் கடத்தப் போகிற பையன்களின் கதை. பஜாரின் சந்துகளைத் தெரிந்து எடுத்திருக்கிறார். ஆனால் அதிலும் எங்கள் ஊர், வேலை முடித்துவிட்டு ஓடிவர வேண்டிய இடம்தான். ரங்கூனில் காலையில் எழுந்து கடை திறக்கிற, காளி கோயிலில் பூ வாங்குகிற, மாலையில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு டீக்கடையில் உட்காருகிற ஒரு தமிழன்கூடத் திரையில் வருவதில்லை. வந்தால் ஒன்று பணக்காரச் செட்டியார், இல்லாவிட்டால் கடத்தல்காரன்.

உங்கள் கூட்டத்தில் உதவி இயக்குநர் ஒருவர் இருப்பதாகச் சொன்னீர்களே, அவருக்கு ஒரு கதை தருகிறேன், காசு வேண்டாம். அறுபதுகளில் தமிழ்நாட்டுக்குப் போனவர்களில் சிலருக்கு அங்கே ஒட்டவில்லை. மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று தரைவழியாக மணிப்பூர் வரை வந்தார்கள். எல்லையைத் தாண்ட முடியவில்லை. மோரே என்கிற அந்த எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள். அந்தப் பக்கம் போனால் தமு, பர்மா. இந்தப் பக்கம் இம்பால், இந்தியா. நடுவில் இட்லி விற்கிற கடை. கதாநாயகன் பறந்து பறந்து அடிக்கத் தேவையே இல்லை. அந்த ஊர் ஒரு குடும்பத்தில் அப்பா இந்தப் பக்கம் பார்த்தும் அம்மா அந்தப் பக்கம் பார்த்தும் உட்கார்ந்திருந்தால் போதும், மிச்சத்தை அவர் எழுதிக்கொள்வார்.

கடைசியாகக் கொட்டுக்காளி. வினோத்ராஜ் படத்துக்குப் பின்னணி இசையே வைக்கவில்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனதும் நாலு கடை ஜெனரேட்டரும் சேர்ந்து அந்தக் குறையைத் தீர்த்துவைத்தன. சூரிக்கு நிச்சயித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஆட்டோவிலும் பைக்கிலும் எல்லோரும் சேர்ந்து அவளைச் சாமியாடியிடம் கூட்டிப்போகிறார்கள், அவள் வாய் திறப்பதே அபூர்வம். அன்னா பென்னின் அந்த முகத்தை மறக்க முடியவில்லை. சூரி கரகரத்த தொண்டையோடு கத்துவதும் நன்றாக இருந்தது, சிரிக்க வைத்துக்கொண்டிருந்த மனுஷனா இவர் என்று ஆகிவிட்டது. எனக்கு மெய்யழகனைவிட இந்தப் படம்தான் பிடித்தது. இதில் யாரும் நல்லவராகக் காட்டிக்கொள்ள முயலவில்லை.

முடிவில் தான் சண்டை. சாமியாடி வேறொரு பெண்ணை நடத்துகிற விதத்தைச் சூரி நின்று பார்க்கிறார். படம் அங்கே நின்றுவிடுகிறது. அவர் மனசு மாறித் திரும்பிப் போவார் என்கிறாள் என் மனைவி. அவ்வளவு தூரம் கத்திக்கொண்டு வந்தவன், கூட இத்தனை சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சும்மா திரும்புவானா? உள்ளே கூட்டிப்போவான் என்பதுதான் என் கட்சி. நீங்கள் எந்தப் பக்கம்? உங்கள் கூட்டத்தையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். ராமின் பறந்து போ படத்தை இனிமேல்தான் பார்க்க வேண்டும், அதற்குள் கதையைச் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மாமா மகன் (இளையவன்),
ரங்கூன்